தேதி தப்பினால் கணக்கும் தப்பும்

(கணக்காளர்கள், நிர்வாகிகள் பயிற்சி நாளில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)

காலையில கடன் இணைப்பு, திருப்பிச் செலுத்துதல் என்று பெரிய விஷயங்களை எல்லாம் பேசி முடிச்சிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு நேரம் கொடுத்திருக்கீங்க. இந்த நேரத்துல தத்துவம் பேசினா பாதிப் பேருக்குக் கண் சொக்கிடும். அதனால ஒரு பொருளைக் கையில கொண்டுவந்திருக்கேன். முன்வரிசையில் இருந்து ஒவ்வொருத்தரா வாங்கிப் பாருங்க. மடியில பிள்ளை வச்சிருக்கிறவங்க மட்டும் வாங்க வேண்டாம், பக்கத்துல இருக்கிறவங்க கையில பார்த்துக்குங்க. காரணத்தைப் பிறகு சொல்றேன்.

இது ஒரு பேட்டரி. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. பேர் சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்குது. முதல் இரண்டு இலக்கம் 20, அதாவது குறுக்களவு 20 மில்லிமீட்டர். அடுத்தது 32, அதாவது கனம் 3.2 மில்லிமீட்டர். மூன்று வோல்ட் கொடுக்கிற லித்தியம் பேட்டரி. கடையில 'பட்டன் செல்' என்று கேட்டாலும் கொடுப்பாங்க, ஆனா எண்ணைச் சொல்லிக் கேட்கணும். விலை நூறு ரூபாய்க்குள்ளேதான்.

கூட்டமைப்பு அலுவலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்குள்ளேயும் இப்படி ஒண்ணு உட்கார்ந்திருக்கு. பல வருஷமா கணக்குப் போடுற தங்கச்சிகளே பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீங்க. கம்ப்யூட்டருக்குத்தான் பிளக்கில் கரண்ட் வருதே, உள்ளே எதுக்குத் தனியா பேட்டரி என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி.

சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்போது கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைச்சிட்டுப் போறோம். மறுநாள் காலையில போட்டா, தேதியும் நேரமும் சரியா காட்டுது. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாத பெட்டிக்கு, விடிஞ்சது எப்படித் தெரிந்தது? உள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய அட்டை இருக்குது. அதில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்குது. நம்ம கைக்கடிகாரத்துல இருக்கிற அதே மாதிரி குவார்ட்ஸ் துண்டு, நொடிக்கு 32,768 தடவை துடிக்கும். ஏன் அப்படி ஒரு எண் என்று கால்குலேட்டர் வச்சிருக்கிறவங்க போட்டுப் பாருங்க: 32,768-ஐப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து தடவை செய்தால் சரியாக 1 வரும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. இந்தக் கடிகாரத்துக்குக் கடுகளவு கரண்ட் போதும். அதை, பெட்டி அணைஞ்சிருக்கும்போது கொடுப்பதுதான் இந்தப் பேட்டரியோட வேலை.

ஆரம்பத்துல இது கிடையாது. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் பர்சனல் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு தடவை போடும்போதும் 'இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன' என்று அது நம்மைக் கேட்கும். நாம் தட்டிக் கொடுக்கணும். 1984-ல் வந்த ஒரு மாடலில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தை உள்ளேயே வச்சாங்க. அதிலிருந்து கம்ப்யூட்டர் நம்மைத் தேதி கேட்பதில்லை. நாமும் அது காட்டுகிற தேதியைச் சந்தேகப்படுவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

23 பேர் பேர் வாசிக்கப்பட்ட கதை

2019-ல் ஒரு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நடந்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். யாரோ அலுவலகத்துல உபயோகிச்சுட்டு நன்கொடையா கொடுத்தது. சில மாதமாகவே, கரண்ட் போய் வந்தா தேதி 2009 ஜனவரி 1 என்று மாறிடும். கணக்காளர் தங்கச்சி பொறுப்பான பொண்ணு. ஒவ்வொரு நாள் காலையிலும் தேதியைத் திருத்திட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பா. அது ஒரு வேலை மாதிரியே பழகிப் போச்சு.

தவணை வசூல் நாள். வாசல் வரைக்கும் கூட்டம். நடுப்பகல்ல கரண்ட் போய் அஞ்சு நிமிஷத்துல வந்தது. யூ.பி.எஸ். எப்பவோ செத்துப் போனது, அதனால கம்ப்யூட்டர் அணைஞ்சு மறுபடியும் எழுந்தது. 'சீக்கிரம் போடும்மா, பஸ் போயிடும்' என்று எதிர்ல நிற்கிறவங்க அவசரப்படுத்துறாங்க. அவ தேதியைப் பார்க்கலை. எக்செல்லில் கன்ட்ரோல் பட்டனையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினா அன்றைய தேதி தானா விழும் இல்லையா, அப்படியே போட்டுக்கிட்டுப் போயிட்டா. அந்தக் கட்டத்துல வருஷம் காட்டாத மாதிரி அமைச்சிருந்தாங்க, நாளும் மாதமும் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேலே கட்டின 23 பேரோட தவணையும் 2009 ஜனவரி 1-ல் போய் உட்கார்ந்திருச்சு.

மாதக் கடைசியில, இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் வசூல் என்று அறிக்கை எடுத்தாங்க. 23 பேர் அதில் இல்லை. தவணை தவறியவர் பட்டியல் எடுத்தா, அந்த 23 பேரும் அதில் இருக்காங்க. கூட்டத்துல பேர் வாசிச்சாச்சு.

கட்டின பெண்ணோட பேரைக் கட்டாதவள் என்று நாலு பேர் நடுவுல வாசிச்சா என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல்ல அழுகை. அப்புறம் சண்டை. அப்புறம் எல்லார் பார்வையும் கணக்காளர் மேல. 'நாங்க கட்டினோம், உன் கணக்குல இல்லைன்னா பணம் எங்கே போச்சு?' அந்தப் பொண்ணுக்குப் பதில் தெரியலை. அவளுக்கே புரியலையே. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு மேல கையாடல் பேர். அவங்க அப்பா வந்து வாசல்ல நின்னு, 'எம்பொண்ணு இனிமே இங்கே வரமாட்டா' என்று கூட்டிட்டுப் போயிட்டார்.

காப்பாத்தினது எது தெரியுமா? இரண்டு காகிதம். ஒண்ணு, உறுப்பினர்களோட பாஸ்புக். அதுல அவ கையால தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா. இன்னொண்ணு, அன்றைக்குச் சாயங்காலம் வங்கியில் கட்டின செலான். முழு வசூல் தொகையும் ஒரு ரூபாய் குறையாம கட்டியிருந்தது. மூணு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஒத்துப் பார்த்த பிறகுதான் 2009-ல் ஒளிஞ்சிருந்த 23 வரியும் கண்ணுல பட்டது. அடுத்த கூட்டத்துல தலைவி எழுந்து, அந்த 23 பேர் பேரையும் மறுபடி வாசிச்சு, 'இவங்க எல்லாரும் சரியா கட்டியிருக்காங்க, தப்பு மெஷின்ல' என்று சொன்னாங்க. பொண்ணு வீட்டுக்கும் நேர்ல போனாங்க. நல்ல தலைவி. எல்லா இடத்திலேயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

அதற்கு நடுவுல கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர், 'மதர்போர்டு போயிருச்சு, மாத்த 4,500 ரூபாய் ஆகும்' என்று சொல்லியிருக்கார். தீர்மான நோட்டுல எழுதக்கூட எழுதிட்டாங்க. எல்லா மெக்கானிக்கும் ஏமாத்துறாங்க என்று நான் சொல்ல வரலை. ஆனா கேள்வி கேட்கத் தெரியாத இடத்துல விலை கூடத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில கேட்கிறோம், உரக்கடையில கேட்கிறோம், இங்கேயும் கேட்கணும். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவைப்பட்டது இப்ப உங்க கையில சுத்தி வருதே, இதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது

பேட்டரி திடீர்னு சாகாது, சொல்லிட்டுத்தான் சாகும். முதல் அறிகுறி, கடிகாரம் பின்தங்கும். அப்புறம், சுவர் சுவிட்சை அணைச்சுப் போட்டாலே தேதி எங்கேயோ பழைய வருஷத்துக்கு ஓடிடும். பெரும்பாலும் அந்த மதர்போர்டு தயாரான வருஷத்தை ஒட்டி இருக்கும். போட்டவுடனே கறுப்புத் திரையில 'சிமாஸ் பேட்டரி லோ' அல்லது 'சிமாஸ் செக்சம் எரர்' என்று எழுத்து வந்து, 'எஃப் 1 அழுத்தினால் மேலே போகலாம்' என்று நிற்கும். நம்ம பிள்ளைங்க எஃப் 1 அழுத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுறாங்க. அது மெஷின் கொடுக்கிற கடைசி எச்சரிக்கை.

இன்னொரு அறிகுறியைப் பலர் பேட்டரியோட சேர்த்துப் பார்ப்பதில்லை. நெட் இருக்கும், ஆனா வங்கி இணையதளம் திறக்காது. 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பா வரும். காரணம் இதுதான்: பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு, நம்ம இன்சூரன்ஸ் பத்திரம் மாதிரி. நம்ம கம்ப்யூட்டர் தான் 2009-ல் இருப்பதா நினைச்சுக்கிட்டு இருந்தா, 'இந்தப் பத்திரம் இன்னும் ஆரம்பமே ஆகலையே' என்று கதவைச் சாத்திடுது. அதனால நெட்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, திரையோட வலது கீழ் மூலையில தேதியைப் பாருங்க.

ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். தேதி சரியா இருந்து, மணி மட்டும் எப்பவும் ஒரே அளவு வித்தியாசத்துல இருந்தா அது பேட்டரி இல்லை. நேர மண்டலம் தப்பா இருக்குது. விண்டோஸில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று ஒரே வரியில வர்ற ஐந்தரை மணி மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தா போதும், செலவில்லை.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டீங்கன்னா, மூணு வருஷத்துல போனதும் உண்டு, எட்டு வருஷம் ஓடினதும் உண்டு. பெட்டிக்குப் பிளக்கில் கரண்ட் வந்துக்கிட்டே இருந்தா, கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் அந்தக் கரண்ட்லேயே கடிகாரம் ஓடிடும், பேட்டரி செலவாகாது. சுவர் சுவிட்சை அணைச்சா பேட்டரிதான் சுமக்கணும். நம்ம அலுவலகங்கள்ல வெள்ளிக்கிழமை அணைச்சா திங்கட்கிழமைதான் போடுறோம், சில இடத்துல வாரத்துக்கு ஒருநாள்தான் திறக்கிறோம். 2012-ல் மின்வெட்டு உச்சத்துல இருந்தபோது நாள்ல பாதி நேரம் பேட்டரிதான் வேலை செய்தது. அதுக்காகச் சுவிட்சைப் போட்டே வைங்க என்று சொல்லமாட்டேன். இடி மின்னல்ல பவர் சப்ளை எரிஞ்சு போனா அது ஆயிரக்கணக்கில். இது நூறு ரூபாய்க்குள்ளே. அணைச்சிட்டே போங்க, பேட்டரியை மாத்திக்கலாம்.

திறந்து மாற்றுவது

நான் படிச்சது சமூகப்பணி, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இல்லை. எனக்கு வருதுன்னா உங்களுக்கும் வரும். தையல் மிஷினுக்குள்ளே இருக்கிற பாபின் பெட்டியைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது கஷ்டமே இல்லை.

முதல் பயம், கணக்கெல்லாம் அழிஞ்சுடுமோ என்பது. அழியாது. நம்ம கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்க்கில். அதுக்கும் இந்தப் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியை எடுத்தா அழிவது தேதியும், கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கணும் என்கிற சில அமைப்புகளும் மட்டும்தான். இருந்தாலும் பென்டிரைவ்ல ஒரு பிரதி எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க. பேட்டரிக்காக இல்லை, அது எப்பவுமே செய்ய வேண்டியது.

முடிஞ்சா, கழட்டுறதுக்கு முன்னாடி அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து, செல்போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. கம்ப்யூட்டர் போட்டவுடனே டெலீட் பட்டனையோ எஃப் 2 பட்டனையோ விட்டு விட்டு அழுத்தினா அந்தப் பக்கம் வரும். குறிப்பா ஹார்டு டிஸ்க் எந்த முறையில இருக்குது என்கிற வரி. சில பழைய கம்ப்யூட்டர்ல அது மாறிப்போனா விண்டோஸ் எழாது, நாம பேட்டரியால கெட்டுப் போச்சுன்னு பயந்துடுவோம். புதுக் கம்ப்யூட்டரா இருந்து பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தா, அதோட மீட்புச் சாவி எண் கையில இருக்குதா என்று பார்த்துட்டுத்தான் தொடணும்.

அடுத்து, கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்துங்க. சுவர் சுவிட்சை அணைங்க. அதோட விடாம, பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற கறுப்பு ஒயரையே உருவிடுங்க. உருவின பிறகு பவர் பட்டனை அஞ்சாறு நொடி அழுத்திப் பிடிங்க, உள்ளே தேங்கியிருக்கிற மிச்சக் கரண்ட் இறங்கிடும். பெட்டியை மேஜை மேல படுக்க வச்சு, பின்பக்கம் பக்கவாட்டுத் தகட்டைப் பிடிச்சிருக்கிற இரண்டு ஸ்க்ரூவை ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால கழட்டினா, தகடு பின்னால நகர்ந்து வந்துடும். கழட்டின ஸ்க்ரூவை ஒரு டம்ளர்ல போடுங்க. இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும் தரையில தேடணும்.

உள்ளே தூசி மூட்டையா இருக்கும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் படும். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால மெதுவா தட்டி விடுங்க. கையை உள்ளே விடுறதுக்கு முன்னாடி பெட்டியோட வெறும் இரும்பைத் தொட்டுக்குங்க. நைலான் சேலை உரசி நம்ம உடம்புல சேர்கிற நிலைமின்சாரம் அதுல இறங்கிடும், சிப்புக்கு ஆபத்தில்லை.

பச்சையோ கறுப்போ ஒரு பெரிய அட்டை தெரியும். அதுல பளபளன்னு நாணயம் மாதிரி இது தெரியும். கூட்டல் குறி இருக்கிற பக்கம் மேலே பார்த்து இருக்கும். அதையும் ஒரு படம் எடுங்க. ஓரத்துல ஒரு சின்ன இரும்புக் கொக்கி அதைப் பிடிச்சிருக்கும். அந்தக் கொக்கியை விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ வெளிப்பக்கமா லேசா தள்ளுங்க. பேட்டரி தானா துள்ளி எழும். கத்தியை விட்டு நெம்ப வேண்டாம், கீழே இருக்கிற கோடுகள் கீறிப்போனா அப்புறம் நிஜமாவே மதர்போர்டு போயிடும்.

புதுசை ஓரத்துல மட்டும் பிடிச்சு, கூட்டல் பக்கம் மேலே வர்ற மாதிரி, முதல்ல ஒரு ஓரத்தைச் சொருகி, மறு ஓரத்தை அழுத்துங்க. 'டிக்' என்று உட்காரும். சில கம்ப்யூட்டர்ல இது நின்ன வாக்கிலும் இருக்கும், அப்ப பழசு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம்.

வாங்கும்போது ஒரு கவனம். 2025, 2016 என்று இதே அகலத்துல இன்னும் இரண்டு உண்டு. வோல்ட் ஒண்ணுதான், ஆனா மெலிசு, சரியா பொருந்தாம ஆடும். எல்.ஐ.ஆர். 2032 என்பது திரும்பச் சார்ஜ் பண்ணுற வகை, அதோட வோல்ட் கூடுதல். 'எல்லாம் ஒண்ணுதான்மா' என்று கடைக்காரர் சொன்னா ஒத்துக்காதீங்க. பழசைக் கொண்டுபோய்க் காட்டி, அதே எண் பார்த்து, உறை பிரிக்காததா வாங்குங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட மல்டிமீட்டர் இருந்தா அளந்தும் பார்க்கலாம். நல்ல பேட்டரி மூணு வோல்ட் அளவுல காட்டும். இரண்டரைக்குக் கீழே இறங்கியிருந்தா யோசிக்காம மாத்திடுங்க.

லேப்டாப்பை மட்டும் நாமா திறக்க வேண்டாம். அதுல இந்தப் பேட்டரி ஒயரோட ஒட்டி இருக்கும், சிலதுல தனியா இருக்கவே இருக்காது. தெரிந்தவர்கிட்ட கொடுங்க, ஆனா என்ன மாத்தணும்னு சொல்லிக் கொடுங்க.

மாத்தின பிறகுதான் முக்கியமான வேலை. போட்டவுடனே அந்த அமைப்புப் பக்கத்துக்குப் போய்த் தேதி, நேரம் போடணும். இங்கே ஒரு பள்ளம் இருக்குது. பல கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம் அமெரிக்க முறையில இருக்கும், முதல்ல மாதம், அப்புறம் நாள். ஏப்ரல் 5 என்று நினைச்சு 05, 04 என்று போட்டா அது மே 4 ஆயிடும். வருஷம் சரியா இருக்கிறதால யாரும் கவனிக்க மாட்டாங்க, ஒரு மாத வட்டி கூடிடும். கிழமை தானா வரும், அதைச் சுவர்ல மாட்டியிருக்கிற தினசரி காலண்டரோட ஒத்துப் பாருங்க. கிழமை ஒத்துவரலைன்னா தேதி தப்பு. மணி 24 மணிக் கணக்குல இருக்கும், மதியம் மூணுன்னா 15. எஃப் 10 அழுத்திச் சேமிச்சிட்டு வெளியே வாங்க. அப்புறம் சோதனை: நிறுத்தி, ஒயரை உருவி, ஒரு டீ குடிச்சிட்டு வந்து மறுபடி போடுங்க. தேதி நின்னா வேலை முடிஞ்சுது. புதுப் பேட்டரியும் சில வாரத்துலேயே இறங்கிட்டா, அப்பத்தான் மதர்போர்டுல கோளாறு என்று சந்தேகப்படலாம், மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கணக்காளர்கள் இன்னொண்ணும் செய்யணும். பேட்டரி தகராறு பண்ணின மாதங்களோட பதிவுகளைத் தேதி வாரியா வரிசைப்படுத்திப் பாருங்க. நம்ம கூட்டமைப்பு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷத்துல ஏதாவது வரி இருந்தா, அது வழி தவறிப் போன பதிவு. அதை அழிச்சுத் திருத்தாதீங்க. பாஸ்புக்கையும் செலானையும் பக்கத்துல வச்சு, நிர்வாகிகள் முன்னிலையில திருத்தி, இன்ன காரணத்தால் இத்தனை பதிவு திருத்தப்பட்டது என்று தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. பின்னாடி தணிக்கையில கேட்டா அது உங்களுக்குப் பாதுகாப்பு.

செல்போன் வந்த பிறகு தேதி பார்க்கிற பழக்கமே நமக்குப் போயிருச்சு. செல்போன் டவர்ல இருந்து தேதியை வாங்கிக்கும், அதனால தப்பாது. கம்ப்யூட்டருக்கு நெட் இருந்தா அதுவும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்க முயற்சி பண்ணும், அதனாலேயே செத்த பேட்டரி பல மாதம் வெளியே தெரியாம இருக்கும். நெட் இல்லாத ஒருநாள்தான் வெளியே வரும். அது வசூல் நாளாத்தான் இருக்கும்!

பிள்ளைகள் விஷயம்

கொடுத்த பேட்டரி யார்கிட்ட இருக்குது? சரி, கொடுத்துடுங்க. இப்ப ஆரம்பத்துல சொன்ன காரணத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர் நம்ம வீட்டுல இல்லை, இது நமக்கு எதுக்கு என்று நினைக்கிற அம்மாமார்களும் இதைக் கேளுங்க. இந்த மாதிரி பேட்டரி மசாலா பாக்கெட் போடுறவங்க வச்சிருக்கிற சின்னத் தராசுல இருக்குது, கார் சாவியில இருக்குது, வெளிச்சம் காட்டுற விளையாட்டுச் சாமான்ல இருக்குது, பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டையில சின்னதா இருக்குது.

தவழ்கிற பிள்ளை இதை வாயில போட்டா, இதோட அகலத்துக்கு உணவுக்குழாய்ல சிக்கிக்கும். நாணயமும் சிக்கும், ஆனா நாணயம் சும்மா கிடக்கும். இது சும்மா கிடக்காது. ஈரம் பட்டதும் கரண்ட் ஓடும், அந்த இடத்துல காரச்சத்து உண்டாகி உள்ளே வெந்து போகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆயிடலாம். ஓட்டை விழுந்து உயிர் போனதும் உண்டு. செத்த பேட்டரிதானே என்று நினைக்காதீங்க. கம்ப்யூட்டரை ஓட்டத் தெம்பில்லாத பேட்டரியில், ஒரு பிள்ளையோட தொண்டையைப் புண்ணாக்கத் தெம்பு மிச்சம் இருக்கும்.

பிள்ளைக்கு எச்சில் வழியலாம், சாப்பிட மறுக்கலாம், இருமலாம், ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாம். விழுங்கிச்சோ இல்லையோ என்கிற சந்தேகம் வந்தாலே போதும், உடனே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். 108-ஐக் கூப்பிடுங்க. நம்ம வீடுகள்ல நாணயம் விழுங்கினா வாழைப்பழம் கொடுப்பாங்க, சோத்து உருண்டை கொடுப்பாங்க. இதுக்கு வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளே, ஒரு வயசு தாண்டின பிள்ளையா இருந்தா, போகிற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல் இருக்குது. ஒரு வயசுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. வீட்டுல தேன் இல்லைன்னா கடை தேடி நிற்காதீங்க, வண்டி ஏறுங்க. ஆஸ்பத்திரியில 'நாணயமோ என்னமோ' என்று சொல்லாதீங்க. 'பட்டன் பேட்டரி' என்று தெளிவா சொல்லுங்க. உறை கிடைச்சா அதையும் எடுத்துட்டுப் போங்க. மூக்குலயோ காதுலயோ திணிச்சிருந்தாலும் இதே அவசரம்தான்.

அதனால மாத்தி எடுத்த பழைய பேட்டரியை மேஜை மேல வைக்கிறது, கணக்காளர் பையில சில்லறையோட போட்டுக்கிறது எல்லாம் கூடாது. எடுத்த உடனே இரண்டு பக்கமும் செல்லோ டேப் சுத்தி ஒட்டிடுங்க. மூடி இறுக்கமா இருக்கிற ஒரு டப்பாவுல போட்டு, பீரோவுக்குள்ளே வச்சுப் பூட்டுங்க. குப்பையில போட்டு எரிக்காதீங்க, வெடிக்கும். 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோட கலக்காமல் தனியாகத்தான் கொடுக்கணும். ஒவ்வொரு கூட்டமைப்பும் தனித்தனியா அலைய வேண்டாம். டப்பா நிறைஞ்சதும் நம்ம அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்க, மொத்தமா சேர்த்து மின்னணுக் கழிவு வாங்குற இடத்துல ஒப்படைச்சிடலாம்.

அடுத்த மாதக் கணக்காளர் கூட்டத்துல ஒரு பழைய பெட்டியை நடுவுல வச்சு, ஒவ்வொருத்தரும் ஒரு தடவை கழட்டி மாட்டணும். நான் செய்து காட்டி நீங்க பார்க்கிறது இல்லை, உங்க கையால. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறவங்க கொண்டுவாங்க. வர்றதுக்கு முன்னாடி, அவங்கவங்க அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு ராத்திரி சுவிட்ச் அணைஞ்சிருந்த பிறகு காலையில என்ன தேதி காட்டுது என்று ஒரு சீட்டுல எழுதிக் கொண்டுவாங்க. எத்தனை பேட்டரி வாங்கணும் என்று அதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறோம்.